நேரியலற்ற சால்வரை வேகமாகக் குவிய வைப்பது எப்படி: மலைச்சரிவுக் கட்டுமானங்களை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் சமதளத்தில் நிற்கிற கட்டடம் அபூர்வம். குன்னூரில் ஒரு வீடு கட்டினால் பள்ளத்துப் பக்கத் தூண் ஒரு மாடி உயரம் இருக்கும், மேட்டுப் பக்கத் தூண் இடுப்பளவுதான் இருக்கும். வீட்டின் முதுகில் ஒரு தடுப்புச்சுவர், அதற்குப் பின்னால் மழைக்காலத்தில் ஊறிக் கனத்துப்போகிற செம்மண். தேயிலை ஃபேக்டரி என்றால் தகரக் கூரை, அகலமான டிரஸ், இழுவிசையை மட்டும் தாங்கும் குறுக்குக் கம்பிகள். மண் நெகிழும், கம்பி தொய்யும், சுவரின் அடிப்பாகம் தரையை விட்டுத் தூக்கும், காங்கிரீட் விரிசல் விடும். சுமை இரட்டித்தால் நகர்வும் இரட்டிக்கும் என்று கொள்ளும் நேரியல் பகுப்பாய்வோடு இவற்றை முடித்துவிட முடியாது. அதனால் நேரியலற்ற பகுப்பாய்வுக்குப் போகிறோம். இரவெல்லாம் ஓடிய மாடல் காலையில் ‘கன்வர்ஜ் ஆகவில்லை’, அதாவது விடையில் குவியவில்லை, என்று நிற்பதையும் பார்க்கிறோம்.

அந்த நேரத்தில் பலரும் செய்வது இடரேஷன் (விடையை நெருங்க மீண்டும் மீண்டும் போடும் திருத்தச் சுற்று) எண்ணிக்கையை 20-லிருந்து 200 ஆக்குவது, டாலரன்ஸை (அனுமதிக்கும் பிழையின் எல்லையை) தளர்த்துவது, இல்லையென்றால் பெரிய கம்ப்யூட்டர் கேட்பது. இவை எதுவும் காரணத்தைத் தொடுவதில்லை. சால்வர், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல், எங்கே, எப்படித் திணறுகிறது என்பதை அதுவே ஒவ்வொரு இடரேஷனிலும் எழுதிவைக்கிறது. அந்த எண்களைப் படித்துவிட்டு அமைப்புகளில் கை வைப்பதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. மென்பொருள் அபாகஸ், அன்சிஸ், பிளாக்சிஸ், ஓபன்சீஸ் என எதுவாக இருந்தாலும் உள்ளே நடக்கும் கணக்கு ஒன்றுதான்.

ஒரே ஒரு கம்பியில் முழுக் கதையும்

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், 1970-ல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் 1100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே அளவு சாய்வுள்ள சரிவாகத் தேடிப் பிடித்து அதன் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். இழுத்துக் கட்டிய கம்பிக்குப் பக்கவாட்டு விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் நேரியலற்ற கணக்கின் சாரம் பிடிபட்டுவிடும்: வளைவை எதிர்க்கும் வலு அதற்குக் கிட்டத்தட்ட இல்லை, விறைப்பு முழுவதும் இழுவிசையிலிருந்து வருகிறது.

கையால் போடக்கூடிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இந்த எண்கள் முத்தோரைக் கம்பியுடையவை அல்ல, வசதிக்காக எடுத்தவை. 20 மீட்டர் இடைவெளியில் ஒரு கேபிள். முன்இழுவிசை 10 கிலோநியூட்டன். மீள்குணகத்தையும் குறுக்குப் பரப்பையும் பெருக்கினால் 10,000 கிலோநியூட்டன். நடுவில் ஒரு சுமையைத் தொங்கவிடுகிறோம். தொய்வை மீட்டரில் சொன்னால், கேபிள் திருப்பித் தரும் விசை ஏறக்குறைய இப்படி வரும்:

உள்விசை = 2 × தொய்வு + 10 × தொய்வு³

முதல் உறுப்பு முன்இழுவிசை தருவது. இரண்டாவது, கேபிள் நீள்வதால் கூடும் இழுவிசை தருவது. சுமை 12 கிலோநியூட்டன் என்றால் விடை சரியாக 1 மீட்டர். இதை நியூட்டன்-ராப்சன் முறையில், அதாவது மீதியிருக்கும் விசையை அந்த இடத்து விறைப்பால் வகுத்து நகர்ந்துகொண்டே போகும் முறையில், சுமை முழுவதையும் ஒரே ஸ்டெப்பில் (ஒரே தவணையில்) ஏற்றிப் போட்டுப் பாருங்கள். தொடக்க விறைப்பு 2. அதனால் முதல் இடரேஷனே 12-ஐ 2-ஆல் வகுத்து 6 மீட்டருக்குப் பாய்ந்துவிடும். அந்த இடத்தில் உள்விசை 2172. சுமைக்கும் உள்விசைக்கும் உள்ள வித்தியாசம், அதாவது ரெசிடுவல், 12-ஆக இருந்தது 2160 ஆகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இடரேஷனிலும்:

தொய்வு: 6.00, 4.00, 2.68, 1.83, 1.31, 1.066, 1.004, 1.00001

ரெசிடுவல்: 2160, 638, 186, 52.7, 13.2, 2.23, 0.12, 0.0004

இந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நடுவில் ரெசிடுவல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு, நான்கு மடங்கு என்று நிதானமாகக் குறைகிறது. விடைக்குப் பக்கத்தில் வந்ததும் 2.23, 0.12, 0.0004 என்று சரிகிறது. கடைசிக் கட்டத்தில் சரியான இலக்கங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாவது நியூட்டன் முறையின் இயல்பு. அதற்கு முன்னால் நடந்த எல்லாமே, தவறான இடத்தில் குதித்துவிட்டுத் திரும்பி நடந்துவந்த நேரம். வேகப்படுத்துவது என்றால் பெரும்பாலும் இந்த வீண் நடையைக் குறைப்பதுதான்.

அப்புறம் இன்னொன்று. முன்இழுவிசை பூஜ்யம் என்று வைத்தால் முதல் உறுப்பே இல்லை, தொடக்க விறைப்பும் பூஜ்யம். வகுக்க விறைப்பே இல்லாததால் சால்வர் முதல் வரியிலேயே ‘சிங்குலர் மேட்ரிக்ஸ்’ என்று நின்றுவிடும். கேபிள், ரோப்வே, வலைக்கூரை மாடல்களில் அடிக்கடி வரும் சிக்கல் இது. முன்இழுவிசையைத் தனி ஸ்டெப்பாக முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் சுமையை ஏற்றினால் தீர்ந்துவிடும்.

படி 1: லாக் ஃபைலைப் படியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் தோற்றுப்போன ஸ்டெப்பின் ரெசிடுவல் எண்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, அதிகபட்ச ரெசிடுவல் எந்த நோடில் (மாடலின் கணுப்புள்ளியில்) வருகிறது என்பதையும் குறியுங்கள். பலர் எண்ணை மட்டும் பார்த்து நோடை விட்டுவிடுகிறார்கள். பாதி விடை அந்த நோடில் இருக்கிறது.

ரெசிடுவல் முதலில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் இறங்கினால் தொடுகோட்டு விறைப்பு (அந்த இடத்தில் விசை-நகர்வு வளைகோட்டின் சாய்வு) சரியாக இருக்கிறது, ஸ்டெப்தான் பெரிது. படி 4-க்கும் 5-க்கும் போகலாம். கடைசி வரை ஒரே விகிதத்தில், 0.8 மடங்கு 0.8 மடங்கு என்று இறங்கினால் சால்வரிடம் இருக்கும் விறைப்பு அணி (எல்லா நோடுகளின் விறைப்பும் அடங்கிய மேட்ரிக்ஸ்) உண்மையான தொடுகோடு இல்லை என்று அர்த்தம். படி 3 உங்களுக்கானது. இரண்டே எண்கள் மாறி மாறி வந்தால் ஏதோ ஒரு இடம் தொடுவதும் விலகுவதுமாக ஆடுகிறது. அதைப் படி 7-ல் பார்ப்போம். நன்றாக இறங்கி வந்து ஒரு மட்டத்துக்குக் கீழே போகவே மறுத்தால் இலக்கத் துல்லியம் தீர்ந்துபோயிருக்கிறது. ஏறிக்கொண்டே போனால் ஒன்று ஸ்டெப் மிகப் பெரிது, இல்லையென்றால் கட்டுமானம் அந்தச் சுமையைத் தாங்கவே இல்லை.

அந்தக் கடைசி வாய்ப்பை எப்போதும் மனதில் வையுங்கள். மலையில் தடுப்புச்சுவருக்குக் கீழே பெரும்பாலும் இன்னொருவர் வீடு இருக்கிறது. சால்வர் குவியாமல் நிற்பது சில நேரம் அந்த வீட்டுக்கான எச்சரிக்கை.

படி 2: சால்வரைத் தொடுவதற்கு முன் மாடல்

அதே மாடலை நேரியலாக, சுயஎடை மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். தாங்குபுள்ளிகளின் மொத்த எதிர்விசை நீங்கள் கையால் போட்ட எடைக்குச் சமமா? அடுத்து மோடல் பகுப்பாய்வு, அதாவது கட்டுமானம் இயல்பாக அதிரும் வடிவங்களையும் அதிர்வெண்களையும் காண்பது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அதிர்வெண் வந்தால் ஏதோ ஒன்று கட்டப்படாமல் தொங்குகிறது. அந்த மோடை அனிமேஷனில் பார்த்தால் எந்த பர்லின் (கூரைத் தகரத்தைத் தாங்கும் சட்டம்), எந்தக் கம்பி என்று உடனே தெரிந்துவிடும். இதற்கு ஆகும் பத்து நிமிடம் மூன்று நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

அப்புறம் விறைப்புகளின் விகிதம். கம்ப்யூட்டர் இரட்டைத் துல்லியத்தில் ஏறக்குறைய 16 இலக்கம் வைத்துக்கொள்கிறது. ‘ரிஜிட்’ ஆக இருக்கட்டும் என்று ஒரு இணைப்புக்கு மற்றவற்றைவிட 10¹² மடங்கு விறைப்பு கொடுத்தால், உங்கள் மண்ணுக்கும் சுவருக்கும் மிஞ்சுவது நான்கு இலக்கம்தான். ரெசிடுவல் ஒரு மட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்வதற்கு இதுதான் வழக்கமான காரணம். 10³ முதல் 10⁴ மடங்கே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நோடுகளை நேரடியாகக் கட்டும் கன்ஸ்ட்ரெய்ண்ட் வசதியைப் பயன்படுத்துங்கள்.

சரிவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மண்ணின் தொடக்க அழுத்தத்தைக் கொடுக்க மென்பொருளில் கே-நாட் முறை (பக்கவாட்டு அழுத்தத்தைச் செங்குத்து அழுத்தத்தின் ஒரு பங்காக எடுப்பது) இருக்கும். தரையும் மண் அடுக்குகளும் கிடைமட்டமாக இருந்தால் மட்டுமே அது சரிவரும். கோத்தகிரிச் சாலையோரச் சரிவில் அதைக் கொடுத்தால் தொடக்கத்திலேயே அழுத்தங்கள் சமநிலையில் இருக்காது. முதல் ஸ்டெப்பே அந்தச் சமனின்மையைத் தீர்ப்பதில் செலவாகும், சில நேரம் தோற்கும். சரிவுக்கு சுயஎடையைப் படிப்படியாக ஏற்றி அழுத்தத்தை உருவாக்குவதுதான் முறை. அது முடிந்ததும் இடப்பெயர்ச்சிகளைப் பூஜ்யமாக்கிவிட்டுச் சுவரையும் வெட்டையும் கொண்டுவாருங்கள்.

மண்ணுக்கு ஒட்டுவலிமை பூஜ்யம் என்று கொடுப்பதும் சிக்கல்தான். சரிவின் மேற்பரப்பில் அழுத்தமே இல்லாததால் அங்கே உள்ள எலிமெண்டுகள் (மாடலைப் பிரித்த சிறு துண்டுகள்) சுயஎடையிலேயே தோற்றுக்கொண்டிருக்கும். 0.2 கிலோபாஸ்கலுக்குச் சற்று மேலே ஒரு மதிப்புக் கொடுத்தால் முடிவு மாறாது, சால்வர் அமைதியாகிவிடும்.

படி 3: தொடுகோடு உண்மையானதா?

என் அனுபவத்தில் மண் சம்பந்தப்பட்ட மாடல்களில் அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது இந்தப் படி, அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான்.

மோர்-கூலும் மாதிரியில் (மண்ணின் வலிமையை ஒட்டுவலிமை, உராய்வுக் கோணம் இரண்டாலும் சொல்வது) மண்ணுக்கு உராய்வுக் கோணம் 30 பாகை, விரிவுக் கோணம் (நழுவும்போது மண் எவ்வளவு பருக்கும் என்பது) பூஜ்யம் என்று கொடுக்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக இல்லாததால் தொடுகோட்டு விறைப்பு அணி சமச்சீராக இருக்காது. ஆனால் பல மென்பொருள்களில் நாம் கேட்காதவரை சால்வர் சமச்சீர் அணியாகவே வைத்துக்கொள்ளும். அப்போது நியூட்டன் முறை பெயருக்குத்தான் நியூட்டன். ரெசிடுவல் ஒரே விகிதத்தில் ஊர்ந்து இறங்கும். சமச்சீரற்ற சால்வரை இயக்கிவிடுங்கள். ஒரு இடரேஷனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவகமும் நேரமும் ஆகும். ஆனால் 40 இடரேஷன் எடுத்த ஸ்டெப் 6-ல் முடிந்தால் யாருக்கு லாபம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சுவருக்கும் மண்ணுக்கும் இடையே உராய்வு அதிகமாக இருந்தாலும் இதே விதிதான்.

சொந்தமாகப் பொருள் மாதிரி எழுதுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நெகிழ் கோட்பாட்டில் பாடப்புத்தகத்தில் வரும் தொடர்ச்சியான தொடுகோடு வேறு, ஒரு முழு ஸ்டெப்புக்கு அழுத்தத்தைக் கணக்கிட்ட வழிமுறையையே வகையிட்டு வரும் தொடுகோடு வேறு. சிமோவும் டெய்லரும் 1985-ல் காட்டியது இதைத்தான்: இரண்டாவதைக் கொடுத்தால்தான் இலக்கங்கள் இரட்டிக்கும் அந்த இருபடி வேகம் கிடைக்கும். எழுதியது சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரே ஒரு எலிமெண்டை எடுத்து, ஒவ்வொரு திரிபையும் 10⁻⁷ அளவுக்கு நகர்த்தி, அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று எண்கணக்காகப் போட்டு, உங்கள் அணியோடு ஒப்பிடுங்கள். நான்கைந்து இலக்கம் ஒத்துப்போக வேண்டும்.

பெரிய இடப்பெயர்ச்சி விருப்பத்தை இயக்க மறந்திருந்தால் கேபிள், மெலிந்த தூண் போன்றவற்றில் அழுத்தத்தால் வரும் விறைப்பே கணக்கில் வராது. அதையும் இங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

படி 4: ஸ்டெப்பின் அளவும் வரிசையும்

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். எல்லா வளைவிலும் ஒரே வேகத்தில் போகிற டிரைவர் கிடையாது. சால்வருக்கும் அந்தச் சுதந்திரத்தைக் கொடுங்கள், அதாவது தானியங்கி ஸ்டெப்பை இயக்குங்கள். அபாகஸின் இயல்பான ஏற்பாட்டில் ஸ்டெப் குவியாவிட்டால் அது கால் பங்காகக் குறையும். அடுத்தடுத்து இரண்டு ஸ்டெப் சுலபமாகக் குவிந்தால் ஒன்றரை மடங்கு ஆகும். நீங்கள் தீர்மானிக்க வேண்டியவை முதல் ஸ்டெப், அதிகபட்ச ஸ்டெப், குறைந்தபட்ச ஸ்டெப். குறைந்தபட்சத்தை 10⁻¹⁵ என்று வைத்து இரவெல்லாம் ஓடவிடுவதில் பயனில்லை. மொத்தச் சுமையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுவதே நல்லது.

ஸ்டெப்பை ரொம்பச் சிறிதாக்குவதும் வேகத்தைக் கெடுக்கும். ஒரு ஸ்டெப் 2 இடரேஷனில் முடிகிறது என்றால் பெரிதாக்கலாம். 4 முதல் 7 வரை என்றால் அப்படியே விடுங்கள். 10-க்கு மேல் போனால் குறையுங்கள்.

சுமைகளின் வரிசைக்கு வருவோம். சுயஎடை, முன்இழுவிசை, தொடர்பு (பரப்புகள் ஒன்றையொன்று தொடுவது) நிலைபெறுவது ஆகியவை முதலில். வெட்டு, நிரப்பு, நீரழுத்தம் அதற்குப் பிறகு. காற்று, நிலநடுக்கம் கடைசியில். எல்லாவற்றையும் ஒரே ஸ்டெப்பில் கலந்து ஏற்றினால் சால்வருக்குக் கஷ்டம் என்பது ஒரு பக்கம். மண்ணிலும் காங்கிரீட்டிலும் விடையே சுமை ஏறிய வரிசையைப் பொறுத்தது, அதனால் முடிவும் தவறாகும்.

முந்தைய ஸ்டெப்பின் நகர்வை வைத்து அடுத்ததை ஊகிக்கும் ‘பிரெடிக்டர்’ வசதி, சுமை சீராக ஏறும்போது நல்ல லாபம் தரும். சுமை திசை மாறும் ஸ்டெப்பிலும் புதிய தொடர்பு உருவாகும் ஸ்டெப்பிலும் அதை அணைத்துவிடுங்கள். தவறான ஊகத்திலிருந்து திரும்பி வரவே இரண்டு மூன்று இடரேஷன் போய்விடும்.

படி 5: லைன் சர்ச்

நியூட்டன் சொல்லும் திசை பெரும்பாலும் சரியாக இருக்கும், தூரம்தான் தவறும். லைன் சர்ச் அந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகலாம் என்று மட்டும் பார்க்கிறது. நம் கேபிளுக்கே போட்டுப் பார்ப்போம். முதல் இடரேஷன் 6 மீட்டர் போகச் சொன்னது. அங்கே ரெசிடுவல் எகிறுவதைப் பார்த்த லைன் சர்ச், அனுமதித்த குறைந்தபட்சமான 0.1 பங்கை எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொய்வு 0.6, ரெசிடுவல் 8.64. அடுத்த இடரேஷனில் 0.675 போகச் சொல்கிறது. லைன் சர்ச் அதில் 0.43 பங்கை எடுக்கிறது, ரெசிடுவல் 3.1. அதற்குப் பிறகு முழு நியூட்டனே போதும்: 0.40, 0.0046, 0.0000006. எட்டு முறை விறைப்பு அணியைக் கட்டிப் பிரித்து (காரணிப்படுத்தித் தீர்த்து) கிடைத்ததைவிடத் துல்லியமான விடை ஐந்தே முறையில் வந்துவிட்டது.

லைன் சர்ச்சின் ஒவ்வொரு முயற்சிக்கும் உள்விசையை மீண்டும் கணக்கிட வேண்டும், அணியைப் பிரிக்க வேண்டியதில்லை. முப்பரிமாண மாடல்களில் அணியைப் பிரிப்பதுதான் பெரும் செலவு என்பதால் இது நல்ல பேரம். மிகத் துல்லியமாகத் தேட வேண்டாம். ரெசிடுவல் பாதியாகவோ முக்கால் பங்காகவோ குறைந்தால் போதும் என்று விட்டுவிடுங்கள். விறைப்பு ஏறிக்கொண்டே போகும் கேபிள்களுக்கும், மூடிக்கொள்ளும் இடைவெளிகளுக்கும், நெகிழும் மண்ணுக்கும் இது பொருந்தும். உச்சச் சுமையைத் தாண்டி இறங்கும் பாதையில் உதவாது.

படி 6: அணியை அடிக்கடி பிரிக்காமல் ஓடுவது

மாற்றிய நியூட்டன் முறை ஒருமுறை பிரித்த அணியையே வைத்துக்கொண்டு ஓடும். ஒவ்வொரு இடரேஷனும் மலிவு, ஆனால் எண்ணிக்கை ஏறும். நம் கேபிளுக்குத் தொடக்க விறைப்பான 2-ஐயே வைத்துக்கொண்டால் 6-லிருந்து நேராக மைனஸ் 1074 மீட்டருக்குப் போய்விடும். விறைப்பு ஏறும் கட்டுமானத்துக்கு இந்த முறை ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். விறைப்பு குறைந்துகொண்டே போகும் மண், காங்கிரீட் கணக்குகளில் மட்டும் இது மெதுவாக, ஆனால் பத்திரமாகப் போகும்.

மெதுவாகப் போவதைத் துரிதப்படுத்த முடியும். திருத்தங்கள் 8, 6.4, 5.12 மில்லிமீட்டர் என்று 0.8 விகிதத்தில் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படியே போனால் பிழை ஆயிரத்தில் ஒரு பங்காக 31 இடரேஷன் ஆகும். ஆனால் இது பெருக்குத் தொடர். மொத்தம் 8-ஐ 0.2-ஆல் வகுத்தால் 40 மில்லிமீட்டர் என்று இப்போதே தெரிகிறது. நேராக அங்கே தாவிவிடலாம். 1926-ல் எய்ட்கன் சொன்ன யோசனை இது. பல மாறிகள் உள்ள கணக்குக்கு இதன் வளர்ந்த வடிவம் ஆண்டர்சன் 1965-ல் தந்தது: கடந்த சில இடரேஷன்களின் ரெசிடுவல்களைக் கலந்து மிகச் சிறிய ரெசிடுவல் வரும் கலவையைத் தேர்ந்தெடுப்பது. ஓபன்சீஸில் உள்ள கிரைலோவ்-நியூட்டன் இதே குடும்பம். பழைய அணியை வைத்துக்கொண்டே முழு நியூட்டனுக்கு நெருங்கிய வேகம் தருவதால், பெரிய சட்டக மாடல்களுக்கு நான் முதலில் முயல்வது அதைத்தான்.

பிராய்டன், ஃபிளெட்சர், கோல்ட்ஃபார்ப், ஷானோ நால்வரும் 1970-ல் தனித்தனியாகக் கண்ட பிஎஃப்ஜிஎஸ் முறையும் இங்கே வரும். ஒவ்வொரு இடரேஷனிலும் கிடைக்கும் தகவலை வைத்து அணியை மலிவாகத் திருத்திக்கொள்ளும். 1979-ல் மத்தீசும் ஸ்ட்ராங்கும் இதைக் கட்டமைப்புக் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். சமச்சீர் அணிகளுக்கு நன்றாக வேலை செய்யும். உராய்வும் விரிவுக் கோணமும் வேறுபடும் மண்ணுக்குப் பிராய்டன் முறையே பொருத்தம்.

நடைமுறையில் ஒரு ஏணி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நியூட்டன். தோற்றால் அந்த ஸ்டெப்புக்கு மட்டும் லைன் சர்ச்சோடு நியூட்டன். அதுவும் தோற்றால் கிரைலோவ்-நியூட்டன். அப்புறமும் முடியாவிட்டால் ஸ்டெப்பைப் பாதியாக்கு. குவிந்ததும் மீண்டும் முதல் முறைக்கே திரும்பு. ஓபன்சீஸில் இதைப் பத்துப் பதினைந்து வரி ஸ்கிரிப்டாக எழுதிவிடலாம்.

படி 7: தொடுவதும் விலகுவதும்

தேயிலை ஃபேக்டரிக் கூரையின் குறுக்குக் கம்பிகள் இழுவிசையில் மட்டும் வேலை செய்கின்றன. ஒரு இடரேஷனில் ஒரு கம்பி தளர்ந்து விலகும், அதனால் சுமை மறுபுறம் போகும், அடுத்த இடரேஷனில் அதுவே மீண்டும் இறுகும். ரெசிடுவல் இரண்டு எண்களுக்கு நடுவே ஊஞ்சலாடும். தடுப்புச்சுவரின் குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போதும் இதுவே நடக்கும்.

தளர்ந்த கம்பிக்கு முழுப் பூஜ்ய விறைப்பு கொடுக்காமல் இறுகிய நிலையின் ஆயிரத்தில் ஒரு பங்கை விட்டுவையுங்கள். கம்பிகளுக்குச் சிறிது முன்இழுவிசை கொடுப்பது இன்னும் நல்லது. களத்தில் டர்ன்பக்கிள் போட்டு முறுக்குவதும் அதற்காகத்தானே. தொடர்புப் பரப்புகளில் பெனால்ட்டி விறைப்பை (ஒன்றுக்குள் ஒன்று புகாமல் தடுக்கும் கற்பனை ஸ்பிரிங்கின் விறைப்பை) பக்கத்து எலிமெண்டின் விறைப்பைப் போல 10 மடங்கு அளவில் தொடங்குங்கள். அபாகஸில் இயல்பான அமைப்பும் அதுவே. ஊடுருவல் அதிகம் என்று தெரிந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

இன்னும் பிடிவாதம் பிடித்தால் செயற்கைத் தணிப்பு, அதாவது நகர்வை எதிர்க்கும் கற்பனை விசை. ஆனால் அதைப் போட்டால் தணிப்பில் செலவான ஆற்றலைக் கட்டாயம் வரைந்து பாருங்கள். மொத்தத் திரிபு ஆற்றலில் ஓரிரு சதவீதத்துக்கு மேல் போனால் உங்கள் சுவர் நிற்பது மண்ணின் பலத்தால் அல்ல, தணிப்பின் பலத்தால். அந்த முடிவில் யாரும் கையெழுத்திடக் கூடாது.

படி 8: உச்சத்தைத் தாண்டுவது

சரிவில் நிற்கும் கட்டடத்தில் மேட்டுப் பக்கத் தூண் 1.5 மீட்டர், பள்ளத்துப் பக்கத் தூண் 4.5 மீட்டர் என்றால், மற்றவை சமமாக இருக்கையில் பக்கவாட்டு விறைப்பு உயரத்தின் மும்மடிக்குத் தலைகீழாகப் போவதால், குட்டைத் தூண் 27 மடங்கு விறைப்பானது. விசை கிட்டத்தட்ட முழுவதும் அதற்கே போகும். புஷ்ஓவரில் (கட்டடத்தைப் பக்கவாட்டில் படிப்படியாகத் தள்ளிப் பார்க்கும் பகுப்பாய்வில்) அது முதலில் உடையும்போது மொத்த விசை திடீரென்று இறங்கும். சுமையை ஏற்றிக்கொண்டே போகும் சால்வர் அந்த இடத்தில் நின்றுவிடும், ஏனென்றால் அந்தச் சுமைக்கு விடையே இல்லை. கூரைமட்ட நோடின் இடப்பெயர்ச்சியைக் கட்டுப்படுத்தி ஓட்டுங்கள். தட்டையான கூரைச் சட்டகம் உள்வாங்கித் திரும்பும் வகைக் கணக்குக்கும், இடப்பெயர்ச்சியே பின்னோக்கி வரும் கணக்குக்கும் ஆர்க்-லெங்த் முறைதான். ரிக்ஸ் 1979-லும், கிரிஸ்ஃபீல்ட் 1981-லும் இதை இன்றைய மென்பொருள்களில் காணும் வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். சுமை, இடப்பெயர்ச்சி இரண்டையும் மாறிகளாக வைத்து, பாதையின் நீளத்தைக் கட்டுப்படுத்துவார்கள். விரிசல் ஒரே இடத்தில் திரளும் காங்கிரீட்டில் எல்லா நோடுகளையும் சேர்த்து நீளம் அளந்தால் விரிசல் அதில் கரைந்துபோகும். விரிசலின் இருபுறமும் உள்ள நோடுகளின் விலகலை மட்டும் கட்டுப்படுத்துவது பலன் தரும்.

படி 9: டாலரன்ஸ்

விசையின் ரெசிடுவல், இடப்பெயர்ச்சியின் திருத்தம் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். இடப்பெயர்ச்சி மட்டும் பார்த்தால், சால்வர் முன்னேற முடியாமல் சிறு சிறு அடி வைப்பதையும் ‘குவிந்தது’ என்று ஏமாந்துவிடுவோம். அபாகஸில் விசைக்கு 0.5 சதவீதம், திருத்தத்துக்கு 1 சதவீதம் இயல்பான எல்லை. பிளாக்சிஸில் 0.01. பெரும்பாலான வேலைக்கு இவை போதும். ஓபன்சீஸில் பெனால்ட்டி முறையில் கன்ஸ்ட்ரெய்ண்ட் கொடுத்துவிட்டு விசை அளவையால் சோதித்தால் பெனால்ட்டி விசைகளே ரெசிடுவலை நிரப்பிவிடும், அந்தச் சோதனை தேறவே தேறாது. அங்கே இடப்பெயர்ச்சி அல்லது ஆற்றல் சோதனைக்கு மாறுங்கள். டாலரன்ஸைத் தளர்த்தத்தான் வேண்டும் என்றால் ஒரு ஸ்டெப்புக்கு மட்டும் தளர்த்தி, அடுத்த ஸ்டெப்பில் பழைய எல்லைக்கே திரும்புங்கள்.

படி 10: நேரியல் சால்வரும் கம்ப்யூட்டரும்

இதைக் கடைசியில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். நேரடி சால்வர் என்றால் அணி முழுவதும் நினைவகத்தில் அடங்க வேண்டும். டிஸ்க்குக்கு வழிந்தால் வேகம் அப்படியே விழும். பெரிய முப்பரிமாண மண் மாடல்களில் இடரேடிவ் சால்வருக்கு (நேரியல் சமன்பாடுகளையும் சுற்றுச் சுற்றாக நெருங்கித் தீர்க்கும் வகைக்கு) மாறினால், ஒவ்வொரு நியூட்டன் இடரேஷனிலும் அதை 10⁻⁸ வரை துல்லியமாகத் தீர்க்க வேண்டியதில்லை. விடையிலிருந்து தூரத்தில் இருக்கும்போது 10⁻² போதும், நெருங்க நெருங்க இறுக்கலாம். ஐசன்ஸ்டாட்டும் வாக்கரும் 1996-ல் இதற்கு ஒழுங்கான விதிகளைத் தந்திருக்கிறார்கள். மலையில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. ரீஸ்டார்ட் ஃபைலைச் சில ஸ்டெப்புக்கு ஒருமுறை எழுதச் சொல்லிவிடுங்கள்.

குவியாமையே விடையாகும் இடம்

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது, 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதுபோன்ற சரிவுகளை ஆராய மண்ணின் வலிமையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும் முறை இருக்கிறது. எந்தக் குறைப்பில் சால்வர் குவிய மறுக்கிறதோ அதுவே பாதுகாப்புக் காரணி. கிரிஃபித்சும் லேனும் 1999-ல் இதைத் தெளிவாக வைத்தார்கள், இடரேஷன் எல்லையை 1000 என்று வைத்து. இங்கே மட்டும் எண்ணிக்கையைக் கூட்டுவதில் நியாயம் இருக்கிறது. தோல்வி உண்மையா, கணக்கின் களைப்பா என்று பிரித்தறிய அது தேவை.

அதனால் இந்தக் கணக்கில் செயற்கைத் தணிப்பு வேண்டாம், டாலரன்ஸைத் தளர்த்த வேண்டாம். சமச்சீரற்ற அணி, லைன் சர்ச் இரண்டும் இருக்கட்டும். சரிவின் உச்சியில் ஒரு நோடை எடுத்து, குறைப்புக் காரணிக்கு எதிரே அதன் இடப்பெயர்ச்சியை வரையுங்கள். உண்மையான சரிவு என்றால் கோடு ஒரு இடத்தில் செங்குத்தாக எழும், நெகிழ்ந்த எலிமெண்டுகள் அடியிலிருந்து உச்சி வரை ஒரு பட்டையாகச் சேர்ந்திருக்கும். கோடு சாய்வாகவே இருக்க, சால்வர் மட்டும் நின்றுவிட்டது என்றால் அது சரிவு இல்லை. படி 2-க்குத் திரும்புங்கள். அப்புறம் குறைப்பின் ஸ்டெப்பைப் பாதியாக்கி ஒருமுறை, மெஷ்ஷை (எலிமெண்டுகளின் வலையை) நெருக்கி ஒருமுறை ஓட்டுங்கள். ஸ்டெப்பை மாற்றியதில் காரணி 1.32-லிருந்து 1.31 ஆனால் நம்பலாம். 1.32-லிருந்து 1.20-க்கு இறங்கினால் அறிக்கையில் எழுத வேண்டாம், லாக் ஃபைலை மறுபடி திறக்க வேண்டும். மெஷ்ஷை நெருக்கும்போது காரணி கொஞ்சம் குறைவது இயல்புதான். இரண்டு முறை நெருக்கியும் குறைந்துகொண்டே போனால் இன்னும் நெருக்கி, அது நிலைபெறும் மதிப்பையே வாடிக்கையாளருக்குக் கொடுங்கள்.